2015 பேப்பர்வைட்டை விட்டுப் புதிய கிண்டிலுக்குப் போகலாமா?

ஒரு வாசகரின் கேள்வி சுருக்கமாக இது: அமேசானின் மின்புத்தகக் கருவியான கிண்டில் பேப்பர்வைட், 2015 மாடல், அவர் கையில் இருக்கிறது. முன்பு வாரக்கணக்கில் நின்ற சார்ஜ் இப்போது நான்கு நாளில் தீர்ந்துவிடுகிறது. காலையும் மாலையும் மின்சார ரயிலில் நாவல் படிக்கிறார். இரவில் படுக்கையில், பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பிடிஎஃப்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கிய பழைய புத்தகங்களின் ஸ்கேன்களும். ஸ்கேன்களில் எழுத்து பொடியாகத் தெரிகிறது. 16,999 ரூபாய் கொடுத்துப் புதிய 7 அங்குலப் பேப்பர்வைட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. சார்ஜ் பிரச்சினை செலவில்லாமலேயே தீர வாய்ப்பிருக்கிறது. பொடி எழுத்துப் பிரச்சினை 7 அங்குலத்துக்குப் போனாலும் தீராது. புதியதில் உங்களுக்கு உண்மையிலேயே கூடுதலாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று, இரவு விளக்கு. அதற்கு 16,999 கொடுக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

முதலில் கையில் இருப்பது எந்த மாடல் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேப்பர்வைட் என்ற ஒரே பெயரில் 2012 முதல் 2024 வரை ஆறு தலைமுறை வந்திருக்கிறது. 2012, 2013 இரண்டும் 6 அங்குலம், அங்குலத்துக்கு 212 பிக்சல், அதாவது திரையில் எழுத்தை உருவாக்கும் புள்ளிகள். 2015-ல் அது 300 ஆனது. 2018-ல் தண்ணீர் தாங்கும் உடலும், விளிம்பு மேடில்லாத தட்டை முகப்பும். 2021-ல் 6.8 அங்குலத் திரை, 17 எல்இடி, வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிக்கொள்ளும் விளக்கு, டைப்-சி சார்ஜ் துளை. 2024-ல் 7 அங்குலம், 16 ஜிபி, கறுப்பு இன்னும் கொஞ்சம் அழுத்தம், பக்கம் புரளும் வேகம் 25 சதவீதம் கூடுதல் என்று கம்பெனி கணக்கு. இது இந்தியக் கடைக்கு வந்தது 2025 ஏப்ரலில். உங்கள் பேப்பர்வைட்டின் செட்டிங்ஸில் டிவைஸ் இன்ஃபோவைத் திறந்தால் மென்பொருள் எண் தெரியும். 2012 மாடல் 5.6-ல் நின்றுவிட்டது, 2013 மாடல் 5.12-ல், 2015 மாடல் 5.16.2-ல். இனி புது அப்டேட் வராது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். இறக்கி வைத்த புத்தகம் திறப்பதற்கு அப்டேட் தேவையில்லை.

இந்த ஆறு தலைமுறையில் தமிழ் படிப்பவர் கண்ணுக்குப் பெரிய தாவல் 212-லிருந்து 300-க்குப் போனதுதான். அதே பரப்பில் இரண்டு மடங்கு பிக்சல். சாதாரண புத்தக அளவான 11 பாயிண்ட் எழுத்தை எடுத்துக்கொண்டால், 212-ல் அதற்குக் கிடைப்பது சுமார் 32 பிக்சல் உயரம், 300-ல் 46. 2019-ல் 7,999 ரூபாய்க்கு வந்த அடிப்படைக் கிண்டிலில் 167 பிக்சல்தான். அங்கே 11 பாயிண்ட் எழுத்துக்கு வெறும் 25 பிக்சல். ஆங்கில எழுத்து 25 பிக்சலில் சமாளித்துவிடும். தமிழில் ‘ண்ணை’, ‘ஞ்சூ’ மாதிரி சுழி மேல் சுழியாக வரும் இடத்தில் சுழிகளுக்கு நடுவே உள்ள வெள்ளை அடைந்துபோகும். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சலாகச் சுருங்கி, ‘ன்’ என்பதை ‘ன’ என்று படித்துத் திரும்ப வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். அதனால் 167 அல்லது 212 வைத்திருந்து தமிழ் அதிகம் படிக்கிறவர் மாற்றினால், முதல் பக்கத்திலேயே வித்தியாசம் தெரியும். அவர்களுக்கு நான் தயங்காமல் மாற்றச் சொல்வேன், அதுவும் 7 அங்குலம்தான் வேண்டும் என்றில்லை. 2022-க்குப் பிறகு வந்த 6 அங்குல அடிப்படைக் கிண்டிலிலேயே 300 பிக்சல் வந்துவிட்டது.

உங்களுடையது ஏற்கனவே 300. புதியதும் 300. எழுத்தின் கூர்மைக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. கறுப்பு கொஞ்சம் கூடுதல் அழுத்தம் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், தனியாகப் படிக்கும்போது பத்தாம் பக்கத்தில் மறந்துபோகும். பக்கம் புரளும் வேகமும் அப்படித்தான். 2015 மாடலே நொடிக்குள் புரட்டுகிறது. மெனு, கடை, தேடல் ஆகியவைதான் அதில் ஆமை வேகம். படிப்பதை விடக் கடையில் உலாவுவது அதிகம் என்றால் அது எரிச்சல் தரும், இல்லையென்றால் இல்லை.

தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேர்கிறதா என்பது வேறு விஷயம். அமேசான் கிண்டிலில் தமிழ்ப் புத்தக விற்பனையைத் தொடங்கியது 2016 டிசம்பரில். அதற்கு முந்தைய கருவி எதுவாக இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. ஒரு குறிப்புக் கோப்பில் ‘பொழுது, கெளுத்தி, கைப்பிடி, கௌரவம், ஸ்ரீரங்கம், லக்ஷ்மி’ என்று யூனிகோடில் தட்டி இபப் (எழுத்தளவை மாற்றிக்கொள்ளக்கூடிய மின்னூல் கோப்பு) ஆக்கி அனுப்பிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாலோ, நடுவே புள்ளி வட்டம் தெரிந்தாலோ அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. எழுத்துரு மாற்றிப் பயனில்லை, எழுத்தைக் கோக்கும் வேலையைச் செய்யும் மென்பொருள் உள்ளே இல்லை. இலவசத் தமிழ் மின்னூல்கள் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப்போடு கூட ‘6 அங்குல பிடிஎஃப்’ என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்களே, அதுவே இப்படிப்பட்ட கருவிகளுக்கு மாற்றுவழி. எழுத்து படமாக உறைந்திருப்பதால் எதிலும் சரியாகத் தெரியும், ஆனால் எழுத்தைப் பெரிதாக்க முடியாது. 2015 பேப்பர்வைட்டில் இந்தத் தொல்லை இல்லை.

இனி ஸ்கேன். இங்கேதான் பலர் அங்குலத்தை நம்பிப் பணத்தை விடுகிறார்கள், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

நம்மூர் நாவல், கட்டுரைத் தொகுப்புகள் பெரும்பாலும் டெமி 1/8 அளவு, அதாவது ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 6 அங்குலத் திரையின் உயரம் 12.2 செ.மீ., 7 அங்குலத்தில் 14.2 செ.மீ. ஒரு முழுப் பக்கம் திரையில் அடங்க வேண்டுமென்றால் உயரம்தான் இடிக்கும். 6 அங்குலத்தில் பக்கம் 57 சதவீதமாகச் சுருங்கும். தாளில் 11 பாயிண்டாக இருந்த எழுத்து 6.2 பாயிண்ட் ஆகும், பத்திரிகை வரி விளம்பரத்தை விடப் பொடி. 7 அங்குலத்தில் அதே எழுத்து 7.3 பாயிண்ட். 16,999 ரூபாய்க்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு பாயிண்ட்.

இப்போது பணம் செலவழிக்காமல், ஸ்கேனின் நான்கு ஓர வெள்ளையையும் வெட்டிவிடுங்கள். டெமி பக்கத்தில் எழுத்து இருக்கும் பகுதி சுமார் 10.5 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரம். வெட்டிய பக்கம் உங்கள் பழைய 6 அங்குலத்தில் 72 சதவீத அளவில் உட்காரும். எழுத்து 7.9 பாயிண்ட். அதாவது ஓரம் வெட்டிய பழைய கிண்டில், ஓரம் வெட்டாத புதிய கிண்டிலை விடப் பெரிதாகக் காட்டும். திரையைப் படுக்கை வாட்டில் திருப்பினால் 12.2 செ.மீ. அகலம் கிடைக்கிறது. வெட்டிய பக்கம் அகலத்துக்கு நிரம்பும்போது எழுத்து 12 பாயிண்டைத் தாண்டும், தாளில் இருந்ததை விடவே பெரிது. ஒரு பக்கத்தை இரண்டு மூன்று தடவை நகர்த்திப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டுவதற்குக் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச நிரல் போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கருவிப் பட்டியலில் பேப்பர்வைட் 3-ஐத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அகலம் 1072, உயரம் 1448 என்று கொடுங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஓரத்தை மட்டும் வெட்டி மற்றதை அப்படியே விடுவது ஒன்று. சொற்களைப் படத் துண்டுகளாக வெட்டி, பெரிதாக்கி, சின்னத் திரைக்கு ஏற்றபடி புதிய வரிகளாக அடுக்குவது இன்னொன்று. எழுத்தை அறிந்து செய்யாமல் படமாகவே வெட்டுவதால் தமிழுக்கும் இது வேலை செய்கிறது. உரைநடைக்கு இரண்டாவது அற்புதம். செய்யுளுக்கு வேண்டவே வேண்டாம், அடி பிரிப்பு, சீர் பிரிப்பு எல்லாம் குலைந்துபோகும். உரையும் அடிக்குறிப்பும் கலந்த பழைய பதிப்புகளுக்கும் ஓரம் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்கேன் சாய்ந்திருந்தால் முதலில் நேராக்கும் விருப்பத்தைப் போடுங்கள். சாய்ந்த வரியை வெட்டும்போது மேல்வரியின் ‘கு’, ‘ழு’ இவற்றின் வால் அறுந்து கீழ்வரியின் தலையில் வந்து உட்காரும். நூறு பக்கத்தையும் ஓட்டுவதற்கு முன் நடுவிலிருந்து பத்துப் பக்கம் மட்டும் ஓட்டிப் பாருங்கள், முதல் பக்கங்களான தலைப்பும் முன்னுரையும் எப்போதும் வேறு மாதிரி இருக்கும்.

மதுரைத் திட்டப் புத்தகங்களுக்கு இந்த வேலையே தேவையில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்தத் தொகுப்பில் பிடிஎஃப்போடு யூனிகோட் வலைப்பக்கமும் இருக்கிறது. பிடிஎஃப்பைத் தொடாதீர்கள். வலைப்பக்கத்தைச் சேமித்து, காலிபர் என்ற இலவச மின்னூல் நிரலில் போட்டு இபப் ஆக்கி, மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறித்து, அமேசானின் செண்ட் டு கிண்டில் சேவை வழியாக அனுப்பினால் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிப் படிக்கலாம். கிண்டில் 2022 முதல் இபப்பை அந்த வழியில் ஏற்கிறது. மின்னஞ்சலில் 50 எம்பி வரை, வலைத்தளத்தில் 200 எம்பி வரை. இறக்கிய கோப்பில் ‘jkpo;’ என்பது போல ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி மாதிரியான பழைய குறியாக்கம், முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

ஸ்கேனை எந்த வேலையும் செய்யாமல் திறந்ததும் படிக்க வேண்டும் என்றால் 10.3 அங்குலம் வேண்டும். அதில் டெமி பக்கம் 97 சதவீத அளவில், ஏறக்குறைய தாளில் இருந்த அதே அளவில் வரும். விலை முப்பதாயிரத்துக்கு மேல் போகும், எடையும் கூடும், ரயிலில் நின்றுகொண்டு ஒரு கையில் பிடிக்க முடியாது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ உட்கார்ந்து வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவர் என்றால் அதை வாங்குவதில் நியாயம் உண்டு. 6-க்கும் 10-க்கும் நடுவே 7-ல் போய் நிற்பது ஸ்கேன் படிப்பவருக்கு எந்தப் பக்கமும் சேராத இடம்.

நாவலுக்கு 7 அங்குலம் சுகம்தான், மறுக்கவில்லை. பரப்பு 36 சதவீதம் கூடும். அதே எழுத்தளவில் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு வரி கூடுதலாக வரும், வரிகளும் அகலமாகும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் குறுகிய திரையில் வரிக்கு மூன்று நான்கு சொல்தான் விழும், சொல் இடைவெளி ஆங்காங்கே அகலமாகி ஓட்டையாகத் தெரியும். அகலத் திரையில் அது குறையும். எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கிற, ஐம்பது வயதைத் தாண்டிய கண்களுக்கு இது நல்ல காரணம். எடை கவலை வேண்டாம், உங்களுடையது 205 கிராம், புதியது 211. ஆனால் 6.8 அங்குலம் வைத்திருப்பவர் 7-க்குப் போவதற்குக் காரணமே இல்லை, பரப்பில் கூடுவது 6 சதவீதம்.

சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். பத்து வருட லித்தியம் பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதுவும் சென்னை வெயிலில். கிண்டிலுக்குக் கம்பெனி சொல்லும் வேலை வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. மே மாதத்தில் நம் வீட்டு ஹாலே அதைத் தொடும், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். இருந்தும் நான்கு நாளில் தீர்கிறது என்றால் பேட்டரியை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது இன்டெக்ஸ். கிண்டில் ஒவ்வொரு புத்தகத்தையும் தேடலுக்காக உள்ளே வரி வரியாகப் படித்துப் பட்டியல் போடும். பழுதான கோப்பு ஒன்று சிக்கினால் அதிலேயே மாட்டிக்கொண்டு, கவர் மூடியிருக்கும்போதும் இரவு பகலாக ஓடும். யூஎஸ்பி வழியாக இஷ்டத்துக்கு ஏற்றப்பட்ட தமிழ் பிடிஎஃப்கள் உள்ள கருவிகளில் இது சகஜம்.

கண்டுபிடிப்பது சுலபம். முகப்பில் தேடல் கட்டத்தில் எந்தப் புத்தகத்திலும் இருக்க முடியாத, அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் ஒன்றைத் தட்டி, புத்தகங்களுக்குள் தேடச் சொல்லுங்கள். இன்னும் இன்டெக்ஸ் ஆகாதவை இத்தனை என்று ஓர் எண்ணோடு வரும், தொட்டால் பெயர்ப் பட்டியல். ஒன்றிரண்டு கோப்பு நாள்கணக்கில் அந்தப் பட்டியலிலேயே இருந்தால் அதுதான் திருடன். அதை அழித்துவிட்டு, பவர் பட்டனை 40 நொடி அழுத்திப் பிடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் மொத்தத்தையும் கணினிக்கு நகலெடுத்து வைத்துவிட்டு, கிண்டிலில் அழித்து, பத்துப் பத்தாகத் திரும்ப ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் சார்ஜில் போட்டபடி ஓரிரவு விட்டால் இன்டெக்ஸ் முடிந்துவிடும். 2015 மாடலில் இருப்பதே 4 ஜிபி, அதில் கைக்கு வருவது மூன்று சொச்சம். ஸ்கேன்கள் அதை நிரப்பியிருந்தால் எல்லாமே திணறும், அரை ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

அடுத்து முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஏரோபிளேன் மோடில் போட்டு, தொடாமல் ஒரு வாரம் வையுங்கள். சில சதவீதம் மட்டும் இறங்கியிருந்தால் பேட்டரி நலம், உங்கள் படிப்பு நேரமும் விளக்கு அளவும் வைஃபையும்தான் தின்கின்றன. பாதிக்கு மேல் இறங்கியிருந்தால், அல்லது 30-லிருந்து திடீரென்று 5-க்குக் குதித்தால், செல் முடிந்தது. சார்ஜே சரியாக ஏறவில்லை என்றால் மைக்ரோ யூஎஸ்பி துளையைப் பாருங்கள். பையில் கிடந்த பஞ்சு உள்ளே அடைந்திருக்கும், கருவியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடல் காற்றில் துளையின் உலோகம் பச்சை பூத்திருப்பதும் உண்டு. அதைத் துடைத்துப் பயனில்லை, துளையையே மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

செல் மாற்றுவது 2015 மாடலில் சாத்தியமான வேலை. முன்பக்கச் சட்டம் கொக்கியிலும் லேசான பசையிலும் நிற்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தகடால் ஓரத்திலிருந்து நெம்பினால் வரும், கீழே திருகாணிகள், அவற்றைக் கழற்றினால் திரையும் போர்டும் ஒன்றாகத் தூக்கலாம், பின்னால் பேட்டரி. ஆபத்து திரையில்தான். மின்மைத் (இ-இங்க்) திரையின் அடித்தளம் வெகு மெல்லிய கண்ணாடி. கட்டைவிரலால் நடுவில் ஓர் அழுத்து போதும், கோடு விழுந்து பாதித் திரை பழைய பக்கத்திலேயே உறைந்து நின்றுவிடும். திரை போனால் கருவியை மறந்துவிடுங்கள், மாற்றும் செலவு கட்டுப்படியாகாது. சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுப்பதானால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, கிண்டில் திறந்திருக்கிறாரா என்பதை. மொபைல் டிஸ்ப்ளே கழற்றிப் பழகிய கை, ஹாட் பிளேட்டில் வைத்துச் சூடேற்றப் பார்க்கும். அந்தச் சூடு முன்விளக்கின் ஒளிப்படலத்தைக் கெடுத்துவிடும், பிறகு திரையில் மேகம் மேகமாக வெளிச்சம். பழைய பேட்டரி மேல் அச்சிட்ட எண்ணும் புதியதன் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், கூடவே தயாரித்த வருடத்தையும். கடை அலமாரியில் ஐந்து வருடம் தூங்கிய செல் உங்கள் பழையதை விட மோசமாக இருக்கலாம். மொத்தச் செலவு புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் செய்யலாம், கால் பங்கைத் தொட்டால் வேண்டாம். 2018-க்குப் பிறகு வந்த தண்ணீர் தாங்கும் பேப்பர்வைட்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. முகப்பு முழுக்கப் பசையில் ஒட்டியிருப்பதால் திறக்கும்போதே திரை உடைவதுதான் அதிகம்.

பின்மூடி உப்பியோ திரை வளைந்தோ தெரிந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். சார்ஜில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இரவு விளக்கு. 2015 மாடலில் நான்கு எல்இடி, நீலம் கலந்த வெள்ளை. கீழ் ஓரத்தில் நிழல் நிழலாகத் தெரியும். 2021-லிருந்து விளக்கைச் செம்மஞ்சள் வரை இறக்கலாம், எந்த மணிக்கு மாற வேண்டும் என்றும் சொல்லிவைக்கலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஆள் தூங்கும்போது தினமும் ஒரு மணி நேரம் படிக்கிற பழக்கம் இருந்தால் இது பெரிய மாற்றம். கண் கூசாது, பழைய வெள்ளைக்குத் திரும்பிப் போக மனம் வராது. இரவில் டேபிள் லேம்ப் போட்டுப் படிக்கிறவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. பகலில், ரயில் ஜன்னல் ஓரத்தில், எந்த விளக்கும் தேவையே இல்லை. உங்கள் பழைய கிண்டிலில் வெளிச்சத்தை 5, 6-க்கு இறக்கி ஒரு வாரம் இரவில் படித்துப் பாருங்கள். பலருக்கு உறுத்தல் நிறத்தால் வருவதை விட, தேவைக்கு மேல் ஏற்றி வைத்த வெளிச்சத்தால்தான் வருகிறது.

தண்ணீர் தாங்கும் என்பதைப் பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழத்தில் 60 நிமிடம் என்பார்கள், அதே கம்பெனி கடல் நீருக்குச் சொல்வது 0.25 மீட்டரில் 3 நிமிடம். நவம்பர் மழையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வர இது உதவும்தான், ஜிப் பூட்டிய பிளாஸ்டிக் கவரும் உதவும். நனைந்த டைப்-சி துளை காயும் வரை சார்ஜில் போடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

விலைப் பக்கம். 2018-ல் பேப்பர்வைட் 12,999, 2021-ல் 13,999, இப்போது 16,999. உங்கள் பழைய 6 அங்குலக் கவர் 7-க்குப் பொருந்தாது, நல்ல கவர் 1,000 முதல் 2,000 வரை. பெட்டியில் கேபிள் இருக்கும், சார்ஜர் இருக்காது, மொபைல் சார்ஜரையே குத்திக்கொள்ளலாம். ஆக 18,500 என்று வையுங்கள். ஐந்து வருடம் ஓடினால் மாதம் 308 ரூபாய். இன்னொரு விதமாகப் பார்த்தால், 300 ரூபாய்த் தமிழ்ப் புத்தகத்தை நந்தனம் ஒய்எம்சிஏ புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவோடு 270-க்கு வாங்குகிறோம். 18,500-க்கு 68 புத்தகம் வரும். வருடத்துக்குப் பத்துப் புத்தகம் படிக்கிறவர் இந்தக் கணக்கைப் பார்த்தபின் யோசிக்கத்தான் செய்வார். அவசரமில்லை என்றால் தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி விற்பனை வரை காத்திருங்கள்.

‘அமெரிக்காவிலிருந்து தம்பி வருகிறான், அங்கே 160 டாலர்தானே’ என்று சென்னையில் வீட்டுக்கு ஒருவர் சொல்வார். அந்த 159.99 டாலர், பூட்டுத் திரையில் விளம்பரம் ஓடும் வகைக்கு. விளம்பரம் வேண்டாம் என்றால் இன்னும் 20 டாலர், அதற்கு மேல் அந்த மாநில விற்பனை வரி. ரூபாயில் மாற்றிப் பாருங்கள், இந்திய விலையை ஒட்டி வந்து நிற்கும். வாரண்டியும் வாங்கிய நாட்டோடு போச்சு. நவம்பர் கடைசியில் அங்கே போடும் தள்ளுபடியில் கிடைத்தால் மட்டும் லாபம். அமெரிக்கக் கருவியில் தமிழ்ப் புத்தகம் வருமா என்ற பயம் வேண்டாம். கடை எது என்பது உங்கள் கணக்கைப் பொறுத்தது, இந்தியக் கணக்கில் பதிவு செய்தால் இந்தியக் கடைதான் திறக்கும்.

வேறு கம்பெனிக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயத்தை முதலில் எண்ணிப் பாருங்கள்: கிண்டில் கடையில் எத்தனை தமிழ்ப் புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள்? வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-ல் நிறுத்திவிட்டது. அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் கிண்டில் கருவியிலும் கிண்டில் செயலியிலும் மட்டும்தான் திறக்கும், கிண்டிலின் போட்டிக் கருவியான கோபோவுக்கு வராது. ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் கம்பெனிக் கருவிகளில் கிண்டில் செயலியைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பேட்டரி கிண்டில் அளவுக்கு நிற்காது. வாங்கிய புத்தகம் குறைவு, மதுரைத் திட்டமும் இலவச இபப்களும்தான் அதிகம் என்பவருக்கு கோபோ நல்ல தேர்வு. 2024 மாடல்களுக்கு, கருவிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஐஃபிக்ஸிட் தளத்தோடு சேர்ந்து பழுதுபார்க்கும் வழிகாட்டிகளும் உதிரி பாகங்களும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கேஓரீடர் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் தமிழ் எழுத்துச் சேர்க்கையும் பிடிஎஃப் ஓரம் வெட்டலும் கருவியிலேயே நடக்கும். இந்தியாவில் இறக்குமதிச் சரக்காக இருக்கலாம் என்பதால் வாரண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

கலர் திரை வேண்டாம். கறுப்பெழுத்து 300 பிக்சலில் இருந்தாலும் நிறம் 150-ல்தான், நிற வடிகட்டி மேலே உட்கார்ந்திருப்பதால் தாள் சாம்பலாகத் தெரியும். காமிக்ஸும் குழந்தைப் புத்தகமும் தவிர மற்றதற்கு அது நஷ்டம்.

ஆக உங்களுக்கு நான் சொல்வது: இந்த வார இறுதியில் இன்டெக்ஸ் சோதனை, அடுத்த வாரம் ஏரோபிளேன் சோதனை. மதுரைத் திட்டக் கோப்புகளை இபப்பாக மாற்றுங்கள், ஸ்கேன்களை ஓரம் வெட்டுங்கள். பேட்டரி நலம் என்று தெரிந்தால் இருப்பதையே ஓட்டுங்கள். செல் முடிந்தது என்று தெரிந்து, இரவுப் படிப்பும் தினசரிப் பழக்கமாக இருந்தால், பேட்டரிக்குச் செலவழிக்காமல் மாற்றிவிடுங்கள். அப்போதும் புதியதுதான் வேண்டும் என்றில்லை, 2021 மாடல் பழையது நல்ல நிலையில் கிடைத்தால் 2024 மாடலில் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கிறது.

பழையது வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன், அங்கேயே உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து உங்கள் கணக்கில் பதிவு செய்து பாருங்கள். தொலைந்ததாகவோ திருடு போனதாகவோ புகார் உள்ள கருவி பதிவாகாது. வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, விளக்கை முழுக்க ஏற்றி, கையால் நிழல் கட்டிப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் பொட்டு இருந்தால் ஒளிப்படலத்தில் கீறல், விலையைக் குறைக்கச் சொல்லலாம். பக்கம் புரட்டியும் மாறாத கோடு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் 2015-ஐ வீட்டில் பெரியவர்களுக்குக் கொடுப்பதானால் அதே கணக்கில் விட்டுவிடலாம், வாங்கிய புத்தகம் எல்லாம் அவர்களுக்கும் கிடைக்கும். ஆனால் இரண்டு பேரும் ஒரே நாவலைப் படித்தால் கடைசியாகப் படித்த பக்கத்துக்குத் தாவட்டுமா என்று மாறி மாறிக் கேட்டுத் தொல்லை செய்யும், கணக்கு அமைப்பில், படித்த இடத்தைக் கருவிகளுக்குள் ஒத்துப்போக வைக்கும் விஸ்பர்சிங்கை நிறுத்துங்கள். வெளியாருக்கு விற்பதானால் முதலில் கணக்கை நீக்கி, பிறகு ஃபேக்டரி ரீசெட். இரண்டையும் செய்யாமல் கொடுத்தால், வாங்கியவர் உங்கள் கார்டில் புத்தகம் வாங்கிக்கொண்டிருப்பார்.